டூசான் அருங்காட்சியகங்கள்: மே கடைசி வார இறுதியில் எதை எப்போது பார்ப்பது?

டெம்பீ_தமிழன்

வணக்கம். மெமோரியல் டே வார இறுதியில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அரிசோனாவின் டூசானில் தங்கத் திட்டம். பீனிக்ஸ் பக்கத்து டெம்பீயில் இருந்து காரில் வருகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா இருவருக்கும் எழுபது வயதை ஒட்டி இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் நடப்பார், படி என்றால் கஷ்டம். அப்பா இன்சுலின் போடுபவர். பையனுக்கு 10 வயது, விமானம் ராக்கெட் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

பட்டியலில் இருப்பவை: டெசர்ட் மியூசியம், பீமா விமான அருங்காட்சியகம், டைட்டன் ஏவுகணை அருங்காட்சியகம், டவுன்டவுனில் ஏதாவது ஒன்றிரண்டு, முடிந்தால் பயோஸ்பியர் 2. எல்லாம் மூன்று நாளில் அடங்குமா? எதை எந்த நாளில் வைப்பது? வெயில் எவ்வளவு தொந்தரவு? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் நல்லது.

---

கள்ளிப்பூ

பட்டியலை அப்புறம் பார்க்கலாம், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். டூசானில் மே கடைசியில் பிற்பகல் 36, 38 டிகிரி செல்சியஸ் சாதாரணம். சென்னை வெயிலில் வாழ்ந்தவர்களுக்கு இது என்ன என்று அப்பா கேட்பார். சென்னையில் வேர்த்து ஊற்றும், உடம்பே "தண்ணீர் கொடு" என்று சொல்லிவிடும். இங்கே காற்றில் ஈரம் கிடையாது. வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், தாகம் தெரிவதற்குள் தலைவலி வந்துவிடும். அதனால் திறந்தவெளி எல்லாம் காலை 11 மணிக்குள், கூரை உள்ளவை எல்லாம் பிற்பகலில். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக அமையும்.

அடுத்தது கிழமை. திங்கட்கிழமை டவுன்டவுனிலும் பல்கலைக்கழகப் பக்கத்திலும் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். நீங்கள் வரும் திங்கள் அரசு விடுமுறை வேறு. பல்கலைக்கழகக் காட்சியரங்குகளை ஞாயிற்றுக்கிழமையும் நம்ப முடியாது. எனவே:

சனி: பீனிக்ஸ் பக்கமிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எப்படியும் வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்வீர்கள். நேராக டவுன்டவுன், பல்கலைக்கழகம். எல்லாம் ஏசிக்குள்.

ஞாயிறு: டெசர்ட் மியூசியம், கதவு திறக்கும்போதே. மதியம் சாப்பிட்டுவிட்டு ஓய்வு, பிறகு மினியேச்சர் அருங்காட்சியகம்.

திங்கள்: டைட்டன், பீமா. அங்கிருந்தே வீடு.

டெசர்ட் மியூசியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மியூசியம் என்ற பெயரைப் பார்த்துவிட்டு மதியம் ஒரு மணிக்கு, உள்ளே குளுகுளு என்று இருக்கும் என நினைத்து வருவார்கள். 1952-இல் தொடங்கிய இந்த இடம் மொத்தம் 98 ஏக்கர். மிருகக்காட்சி சாலை, தாவரத் தோட்டம், நிலவியல் கூடம், மீன் காட்சியகம் எல்லாம் சேர்ந்தது. நடைபாதை சுமார் 2 மைல், பெரும்பகுதி வானமே கூரை. மதியத்தில் மிருகங்களும் நிழலுக்குள் போய்ச் சுருண்டுவிடும். கூண்டுக்குக் கூண்டு பாறையைத்தான் பார்ப்பீர்கள். அந்தப் பாறைகளிலும் பெரும்பாலானவை சிமென்டில் செய்தவை; அந்த வேலைப்பாட்டுக்கே இந்த இடம் பேர் போனது, கிட்டே போய்த் தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

வெயில் மாதங்களில் சீக்கிரமே திறக்கிறார்கள். நேரம் மாதத்துக்கு மாதம் மாறுவதால் முந்தின நாள் அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். உள்ளே போனதும் வாசல் பக்கத்தில் இருக்கும் பாம்புக் கூடத்திலும் மீன் காட்சியகத்திலும் நின்றுவிடாதீர்கள். அவை கூரைக்குள் இருப்பவை, திரும்பி வரும்போது பார்க்கலாம். முதலில் தொலைவில் இருப்பவை: மலைச்சிங்கம், கறுப்புக் கரடி, மெக்சிகோ ஓநாய், பிறகு பெருங்கொம்பு ஆடு, நீர்நாய், பீவர். அடுத்து ஹம்மிங்பேர்ட் கூண்டு. அதற்குள் நுழைந்ததும் நடக்காமல் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதலில் காதுப் பக்கம் ஒரு ரீங்காரம் கேட்கும், பிறகுதான் பறவை கண்ணில் படும். வெயில் ஏறும்போது நிலவியல் பகுதியின் குகைக்குள் போய்விடுங்கள். உள்ளே குனிந்து நுழையும் ஒரு கிளைச் சுரங்கம் உண்டு. பையனை அனுப்பலாம், அம்மா நேர் வழியில் வரட்டும்.

அம்மாவுக்கு: முக்கியப் பாதைகள் தளம் போட்டவைதான், ஆனால் ஏற்ற இறக்கம் உண்டு. டெசர்ட் லூப் என்ற அரை மைல் பாதை தளம் போடாதது, அதை விட்டுவிடலாம். வாசலில் சக்கர நாற்காலி கிடைக்கும், முதலில் வருபவருக்குத்தான். "நான் நடப்பேன்" என்று அம்மா சொன்னாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் உட்கார இடம் தேடுவதற்குப் பதில் அது மேல்.

வேட்டைப்பறவைகளைத் திறந்தவெளியில் பறக்கவிடும் நிகழ்ச்சி குளிர்காலத்துக்கானது, ஏப்ரல் நடுவில் முடிந்துவிடும். இணையத்தில் படம் பார்த்துவிட்டுக் கேட்டால் ஏமாற்றம்தான். அதற்கு ஈடாக மே கடைசியில் சகுவாரோ பூத்திருக்கும். அந்தப் பெரிய தூண் கள்ளியின் உச்சியில் வெள்ளைப் பூ. ஒவ்வொரு பூவும் இரவில் மலர்ந்து மறுநாள் மதியத்துக்குள் மூடிவிடும், பிறகு திறக்காது. இரவில் வௌவால், காலையில் தேனீயும் புறாவும். காலையில் வருவதற்கு இது இன்னொரு காரணம்.

போகும் வழி: கூகுள் மேப் கேட்ஸ் பாஸ் என்ற மலைக்கணவாய் வழியாக இழுக்கும். காட்சி பிரமாதம், ஆனால் குறுகலும் கொண்டை ஊசி வளைவும். நீளமான வண்டிகளுக்கும் டிரெய்லருக்கும் அனுமதி இல்லை. வயதானவர்களுக்கு வாந்தி வரும் என்றால் ஏஹோ சாலையில் மேற்கே போய் கின்னி சாலையில் வடக்கே திரும்புங்கள். கொஞ்சம் சுற்று, ஆனால் நேரான சாலை. பொதுப் பேருந்து அங்கே கிடையாது. ஊபரில் போய்விடலாம், திரும்பி வர வண்டி கிடைப்பதுதான் பாடு.

---

ரன்வே_22

கள்ளிப்பூ சொன்ன நாள் பிரிப்பு சரி. திங்கட்கிழமைக்குள் வரிசை முக்கியம்: டைட்டன் முதலில், பீமா பிறகு. டைட்டன் நிலத்துக்கு அடியில் இருக்கிறதே, அதை வெயிலுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் டைட்டனில் நேரம் குறித்த வழிகாட்டிச் சுற்றுலாதான், முன்பதிவு வேண்டும், நீண்ட வார இறுதியில் இடம் காலியாகிவிடும். அன்று திறந்திருக்கிறதா என்பதும் முன்பதிவுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பீமாவில் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து கூடங்களுக்குள் பிற்பகலைக் கழிக்கலாம்.

டைட்டன் இருப்பது டூசானுக்குத் தெற்கே, ஐ-19-இல். அந்த நெடுஞ்சாலையில் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும், வேக வரம்பு மட்டும் மைலில். குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளியேறும் எண் 69, டுவால் மைன் சாலை. இந்த 69-உம் கிலோமீட்டர் கணக்குதான்.

பனிப்போர்க் காலத்தில் டூசானைச் சுற்றி டைட்டன் 2 என்ற அணு ஏவுகணைக்கு 18 நிலத்தடிக் கிடங்குகள் இருந்தன. நாடு முழுக்க 54. எல்லாவற்றையும் இடித்து மூடிவிட்டு இந்த ஒன்றை மட்டும் அருங்காட்சியகமாக வைத்தார்கள். கீழே நிற்பது நிஜ ஏவுகணை உடல், 103 அடி. எரிபொருளும் குண்டும் இல்லை. மேலே கிடங்கின் மூடி பாதி திறந்த நிலையிலேயே நிரந்தரமாக நிறுத்தப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இனி இது ஆயுதம் அல்ல என்று சோவியத் செயற்கைக்கோள்கள் மேலிருந்தே பார்த்து உறுதி செய்துகொள்ள வைத்த ஏற்பாடு அது. முனைக்கூம்பில் துளை வெட்டியிருப்பதும் அதற்காகத்தான்.

கீழே இறங்க 55 படி. கம்பிவலைத் தளங்கள் உண்டு, அதனால் குதிகால் உயர்ந்த செருப்புக்கு அனுமதி இல்லை. எல்லோருக்கும் ஷூ போட்டுவிடுங்கள். 5 அடி 10 அங்குலத்துக்கு மேல் உயரம் என்றால் தலைக்கவசம் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், உத்தரத்தில் இடிப்பது நிச்சயம்.

பையனுக்குச் சொல்லி வையுங்கள், கட்டுப்பாட்டு அறையில் முதலில் பார்க்க வேண்டியது சாவி அல்ல, ஸ்பிரிங். மூன்று மாடி கொண்ட அந்த அறை முழுவதும் எட்டு பெரிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. பக்கத்தில் அணுகுண்டு விழுந்து தரை அதிர்ந்தாலும் உள்ளே இருக்கும் கருவிகள் பிழைக்க வேண்டும் என்பதற்காக. சுவருக்கும் அறைக்கும் நடுவே போகும் ஒயர்கள் விறைப்பாக இல்லாமல் தொய்வாக விடப்பட்டிருக்கும், அதுவும் இதே காரணம். வழியில் இருக்கும் இரும்புக் கதவு சுமார் 3 டன். கீலில் அவ்வளவு சமநிலையாக உட்கார்ந்திருப்பதால் ஓர் ஆள் கையால் தள்ளி மூடலாம்.

பிறகு சாவி. இரண்டு பேர், இரண்டு சாவி, ஒரே நேரத்தில் திருப்பி 5 விநாடி பிடித்திருக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் எட்ட முடியாத தூரத்தில் வைத்திருக்கிறார்கள். சுற்றுலாவில் வருபவர்களில் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துத் திருப்பச் சொல்வது வழக்கம். பையன் முன்வரிசையில் நின்றால் வாய்ப்பு அதிகம். சாவி திருப்பிய 58 விநாடியில் ஏவுகணை கிளம்பிவிடும். முந்தைய டைட்டன் 1-க்குத் திரவ ஆக்சிஜனைக் கடைசி நேரத்தில் நிரப்பி, ஏவுகணையை மேலே தூக்கி, ஏவுவதற்கு கால் மணி நேரம் ஆகும். இதில் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் ஏவுகணைக்குள்ளேயே நிரம்பி இருந்தன, இரண்டும் தொட்டால் போதும், தீப்பொறி வேண்டாம். அந்த வசதிதான் ஆபத்தும். 1980-இல் ஆர்கன்சா மாநிலத்தில் இதே வகைக் கிடங்கு ஒன்றில் கைதவறி விழுந்த ஒரு சாக்கெட் எரிபொருள் தொட்டியை ஓட்டை போட்டது. சில மணி நேரம் கழித்து முழு ஏவுகணையும் வெடித்தது.

பீமா: 80 ஏக்கர், 400-க்கு மேல் விமானங்கள். எல்லாவற்றையும் பார்ப்பது நடக்காத காரியம். வெளியே வரிசையாக நிற்பவற்றைப் பார்த்ததும் பையன் அங்கேதான் ஓடுவான். மதியத்தில் போனால் தரையின் சூடு காலில் ஏறும், அலுமினிய உடம்பின் பளபளப்பு கண்ணைக் கூசும். கூடங்களுக்குள்ளேயே எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் உளவு விமானம் இருக்கிறது. அதன் தோலில் தகடுகள் சேரும் இடங்களைப் பாருங்கள். பறக்கும்போது சூட்டில் டைட்டானியம் விரியும் என்பதற்காகத் தரையில் இடைவெளி விட்டே கட்டினார்கள். நிற்கும்போது எரிபொருள் கசியும். தனிக் கட்டடத்தில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று, இரண்டாம் உலகப்போரின் 390-வது குண்டுவீச்சுக் குழுவுக்கான நினைவகம், வளாகத்துக்குள்ளேயே. வெளியே பார்த்தே தீர வேண்டியவை என்று நான் சொல்வது மூன்று: இறக்கைக்குப் பின்பக்கம் ஆறு காற்றாடியும் கூடவே நான்கு ஜெட்டும் கொண்ட பி-36, வயிறு உப்பிய சூப்பர் கப்பி சரக்கு விமானம், ராக்கெட் விமானமான எக்ஸ்-15-ஐச் சுமந்து சென்ற பி-52. கடைசியதன் பக்கவாட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சின்ன எக்ஸ்-15 உருவம் வரைந்திருப்பார்கள், பையனை எண்ணச் சொல்லுங்கள். டிராம் வண்டி தனிக் கட்டணத்தில் உண்டு, அம்மாவுக்கு அதுதான் வழி. ஓடுகிறதா, இடம் இருக்கிறதா என்று உள்ளே போனவுடனே கேளுங்கள். கோடை அட்டவணை தொடங்கிவிட்டால் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள், கடைசி நுழைவு அதற்கும் முன்னால். டைட்டனில் இரண்டாவது, மூன்றாவது சுற்றுக்குப் பதிவு செய்தால் இங்கே இடிக்கும்.

ஒரு சின்ன விஷயம். பீமாவை ஒட்டி விமானப்படையின் பழைய விமானக் கிடங்கு இருக்கிறது, ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. கோல்ப் சாலை அதன் நடுவே போகிறது, கார் ஜன்னலிலேயே இரண்டு பக்கமும் தெரியும். நிறுத்தக்கூடாது. ஏன் இந்த ஊர்? காற்றில் ஈரம் இல்லை, துரு பிடிக்காது. மண்ணுக்கடியில் நம்மூர்ச் சுக்கான் பாறை மாதிரி சுண்ணாம்பு இறுகிய படிவம். கான்கிரீட் போடாமலே கனரக விமானத்தை நிறுத்தலாம்.

---

டெம்பீ_தமிழன்

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. மூன்று கேள்வி. டைட்டனில் அம்மா கீழே இறங்காவிட்டால் என்ன செய்வது? டவுன்டவுனில் எதை எடுப்பது, எதை விடுவது? அப்பா அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது, சமாளிக்க முடியுமா?

---

ரன்வே_22

லிஃப்ட் இருக்கிறது, ஆனால் எல்லாச் சுற்றுக்கும் கிடையாது. முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும், வாசலில் போய்க் கேட்டால் கிடைக்காது. அது அமையவில்லை என்றால் அம்மா மேலேயே இருக்கலாம். காட்சிக்கூடம் ஏசி. கிடங்கின் மூடிப் பக்கம் கண்ணாடி வழியாக ஏவுகணையை மேலிருந்தே பார்க்கலாம். கீழே சுற்றுலா முக்கால் மணி நேரம்தான்.

---

சுண்டக்காய்

டவுன்டவுன் என் பங்கு.

ஆல்ஃபி நோர்வில் ரத்தினக்கல், கனிமக் கூடம். இதற்குத்தான் முதலிடம். பல்கலைக்கழகத்துடையது, 2021-இல் பழைய பீமா கவுன்டி நீதிமன்றத்துக்கு மாறியது. வண்ண ஓடு பதித்த குவிமாடம் உள்ள கட்டடம், தூரத்திலேயே தெரியும். டூசானில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் நடக்கும் கனிமக் கண்காட்சி உலகப் புகழ் (அந்தச் சமயம் ஓட்டல் வாடகை எகிறும், அப்போது மட்டும் குடும்பத்தோடு வந்துவிடாதீர்கள்). அந்த ஊரில் கனிம அருங்காட்சியகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது. எல்லாப் பெட்டியையும் படிக்க உட்கார்ந்தால் பையன் நெளிய ஆரம்பிப்பான். அரிசோனா பகுதியில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். பிஸ்பீ சுரங்கத்து நீல அசுரைட்டும் பச்சை மாலகைட்டும் ஒரே கல்லில் சேர்ந்திருக்கும். இரண்டும் செம்புதான், வேதிச் சேர்க்கையின் விகிதம்தான் வேறு. உல்ஃபனைட் என்ற மாநிலக் கனிமத்தையும் தேடுங்கள், ஆரஞ்சு நிறக் கண்ணாடிச் சில்லு மாதிரி மெல்லிய சதுரத் தகடுகள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால்தான் எவ்வளவு மெல்லிசு என்று தெரியும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் டூசான் கலை அருங்காட்சியகமும் பிரெசிடியோவும். பிரெசிடியோ என்பது 1775-இல் ஸ்பானியர்கள் போட்ட கோட்டையின் ஒரு மூலையைத் திரும்பக் கட்டி வைத்தது. ஊரின் தொடக்கம் அதுதான். பச்சைச் செங்கல் சுவர், ஒரு பீரங்கி, கோட்டைக்கு முந்தைய மக்களின் பள்ளவீட்டுத் தடம். வெளிமுற்றம் என்பதால் மதியத்தில் அரை மணிக்கு மேல் நிற்க முடியாது. நிற்கவும் வேண்டாம். கலை அருங்காட்சியகத்தில் லத்தீன் அமெரிக்கப் பிரிவு நன்றாக இருக்கும், நேரம் இருந்தால் மட்டும்.

பல்கலைக்கழகத்துக்கு டவுன்டவுனில் இருந்து டிராம் போகிறது. 2020-இல் கட்டணத்தை நிறுத்தினார்கள்; இப்போதைய நிலையை ஏறுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கார் நிறுத்த இடம் தேடி வெயிலில் சுற்றுவதற்கு இது மேல், ஏறும் படியும் தாழ்வு. அங்கே இரண்டு இடம். படைப்பு ஒளிப்பட மையம், 1975-இல் ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸும் அப்போதைய பல்கலைக்கழகத் தலைவரும் சேர்ந்து தொடங்கியது. ஆடம்ஸின் முழுச் சேகரிப்பும் இங்கேதான் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, சுவர் முழுக்க அவர் படமாக இருக்கும் என எதிர்பார்த்துப் போகிறவர்கள் பலர். அது சேமிப்பகம். கீழ்த்தளக் காட்சியரங்கில் என்ன கண்காட்சி நடக்கிறதோ அதுதான் தெரியும். குறிப்பிட்ட படத்தைப் பார்க்க வேண்டும் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

எதிரிலேயே பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகம். வில்லெம் டி கூனிங் வரைந்த ஓவியம் ஒன்று 1985 நவம்பரில், நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள், இங்கிருந்து திருடுபோனது. ஒரு பெண் காவலரைப் பேச்சில் நிறுத்திவைக்க, கூட வந்த ஆண் மாடிக்குப் போய்க் கேன்வாஸை பிளேடால் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஓரத் துணுக்குகள் சட்டத்திலேயே தங்கிவிட்டன. 2017-இல் நியூ மெக்சிகோவில் ஒரு பழம்பொருள் கடைக்குப் போன சாமான்களில் அது கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் கெட்டி நிறுவனத்தில் பழுது பார்த்து 2022-இல் திரும்பித் தொங்கவிட்டார்கள். கேன்வாஸில் கிடைமட்டமான விரிசல் கோடுகள் விழுந்ததே சுருட்டியதால்தான். அன்றைக்குக் காட்சியில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். கோடை விடுமுறையில் இங்கே நேரம் சுருங்கும்.

ஞாயிறு மதியத்துக்கு மினியேச்சர் அருங்காட்சியகம் நல்ல யோசனை. டெசர்ட் மியூசியத்தில் இருந்து ஊரின் மறுகோடி, முக்கால் மணி நேரம் கார். விரல் அளவு மேசை நாற்காலி வைத்த பொம்மை வீடுகள். பையனைவிட அம்மாவுக்குப் பிடிக்கும். திங்கள் விடுமுறை.

ஞாயிற்றுக்கிழமையே சான் சேவியர் தேவாலயத்தையும் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். காலையில் பூசை நடக்கும், உள்ளே சுற்றிப்பார்க்க முடியாது. திங்கள் டைட்டனில் இருந்து வரும் வழியில்தான் இருக்கிறது, வெளியேறும் எண் 92. 1797-இல் கட்டி முடித்தது. முடித்தது என்பதும் பேச்சுக்குத்தான், இரண்டு கோபுரத்தில் ஒன்றின் உச்சி இன்றுவரை கிடையாது. டோஹோனோ ஓதாம் பழங்குடி மக்களின் நிலம் அது. மனிதர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

---

வெயிலான்

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே சைவம் என்று நினைத்துச் சாப்பிடும் பொருளில்தான் சிக்கல். மசித்த பீன்ஸ் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் தாளித்தது. மெக்சிகோவின் சோனோரா பாணி மெல்லிய கோதுமை ரொட்டியான டார்ட்டியாவிலும் மரபாக அதுவே சேரும். சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வேகும். "சைவமா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், இறைச்சித் துண்டு இல்லை என்ற அர்த்தத்தில். "மான்டேகா (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா, கால்டோ டி போயோ (கோழிச் சாறு) இருக்கிறதா" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சோள டார்ட்டியா பெரும்பாலும் பிரச்சினை இல்லை. முழுசாக வேகவைத்த டெபாரி பீன்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். வறட்சியில் விளையும் இந்த ஊர்ப் பயறு, நம் தட்டப்பயறுக்குப் பழகிய நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். அதையும் எதில் வேகவைத்தார்கள் என்று கேட்க வேண்டும். ஊரில் இந்திய உணவகங்களும் உண்டு, இரவுக்கு அது போதும். கட்டுச்சோறு கொண்டுவந்தால் புளியோதரை தாங்கும், தயிர்சாதம் ஐஸ் பெட்டி இல்லாமல் தாங்காது.

அதைவிட முக்கியம் இன்சுலின். நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சூடு எங்கேயோ போய்விடும். இன்சுலின் 30 டிகிரிக்கு மேல் வீரியம் இழக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, சர்க்கரை ஏறிய பிறகுதான் தெரியும். கையோடு குளிர்ப்பையில் எடுத்துப் போங்கள், ஐஸ் கட்டி நேராகப் படாமல் துணி சுற்றி. உறைந்தாலும் கெட்டது கெட்டதுதான்.

ஒரு சின்ன சீப்பு எடுத்து வையுங்கள். சோயா என்ற கள்ளியின் முள்ளுருண்டை லேசாக உரசினாலே காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையில் ஏறும். சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே விட்டு வெடுக்கென்று வெளிப்பக்கம் நெம்பினால் வந்துவிடும்.

கள்ளிப்பூ சொன்ன திட்டத்தில் எனக்கு ஒரே மாற்றுக்கருத்து. சனிக்கிழமை கலைக்கூடங்களில் ஒன்றை விட்டுவிட்டு, சீக்கிரம் கிளம்பி முதல் வேலையாக மிஷன் கார்டனுக்குப் போங்கள். டிராமின் மேற்குக் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கம். இந்த மண்ணில் 4000 ஆண்டாக நடந்த விவசாயத்தைப் பாத்தி பாத்தியாகப் பயிரிட்டே காட்டும் தோட்டம். பழங்குடிப் பயிர், ஸ்பானியர் கொண்டுவந்த மாதுளை, அத்தி, சீனர் தோட்டம் என்று. ஊர்ப் பெரியவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பதைவிட இங்கே அதிக நேரம் நிற்பார்கள். மெஸ்கீட் மரத்தைப் பார்த்ததும் அப்பா "இது நம்ம சீமைக்கருவேலம்தானே" என்பார். நெருங்கிய சொந்தம்தான். ராமநாதபுரத்தில் விறகுக்கும் வசவுக்கும் மட்டும் பயன்படுவது, இங்கே காயைக் காயவைத்து அரைத்து இனிப்பான மாவாக விற்கிறார்கள்.

ஐ-19-இல் இன்னும் தெற்கே ட்யூபாக், டுமகாகோரி வரை நீட்டினால் திரும்பி வரும் வழியில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அப்பா அம்மாவின் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அச்சும் காரில் இருக்கட்டும். டைட்டன் வரை மட்டும் போனால் சாவடி குறுக்கிடாது. ஆனாலும் 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவு அத்தாட்சியைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

---

கள்ளிப்பூ

மிஷன் கார்டன் ஒத்துக்கொள்கிறேன், திறக்கும் நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வாரம் முழுக்கத் திறப்பதில்லை.

பயோஸ்பியர் 2-ஐ யாரும் தொடவில்லை. இந்த முறை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. டூசானுக்கு வடக்கே ஆரக்கிள் ஊர்ப் பக்கம், பாதி நாள் தின்னும். உள்ளே ஏகப்பட்ட படி, மழைக்காட்டுப் பகுதியில் புழுக்கம். டெம்பீயில் இருந்து இன்னொரு நாள் காலையில் கிளம்பிப் போய் மாலையில் திரும்பிவிடலாம், பையனையும் அப்பாவையும் மட்டும் கூட்டிக்கொண்டு. மூடிய உலகத்துக்குள் மனிதர் வாழ முடியுமா என்று பார்க்க 1991-இல் எட்டு பேர் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு இருந்த கண்ணாடிக் கட்டடம். ஆக்சிஜன் 21 சதவீதத்தில் இருந்து 14 பக்கம் இறங்கியது. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் மூச்சாக இழுத்துக் கரியமில வாயுவாக விட்டன. அது செடிக்குப் போய்த் திரும்பியிருக்க வேண்டும், ஆனால் கட்டடத்தின் கான்கிரீட் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டது. கடைசியில் வெளியில் இருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. போனால் "நுரையீரல்" என்று அவர்கள் சொல்லும் வட்டக் கூடத்தைத் தவறவிடாதீர்கள். பகல் சூட்டில் உள்காற்று விரிந்தால் கண்ணாடி வெடிக்காமல் இருக்க, பல டன் எடையுள்ள ஒரு தட்டு ரப்பர் விளிம்பில் மேலும் கீழும் ஏறி இறங்கும். கதவைத் திறக்கும்போது காற்று முதுகில் தள்ளும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐ-10-இல் திரும்பும்போது பிகாச்சோ மலை அருகே புழுதிப்புயல் வந்தால்: சாலையை விட்டு நன்றாக ஓரம் தள்ளி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கில் இருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நினைத்துத் தொடர்ந்து வந்து மோதுவார்.

---

சுண்டக்காய்

கட்டணம் பற்றி யாரும் சொல்லவில்லையே. குடும்பம் முழுவதற்கும் டெசர்ட் மியூசியம், பீமா, டைட்டன் மூன்றும் சேர்ந்தால் கணிசமான தொகை. அரிசோனா பொது நூலகங்களில் கல்ச்சர் பாஸ் என்று ஒன்று உண்டு. நூலக அட்டை இருந்தால் சில இடங்களுக்கு இலவச நுழைவுச் சீட்டு, முதலில் எடுப்பவருக்கு. எந்த நூலகத்தில் எந்த அருங்காட்சியகம் என்பது மாறும், உங்கள் கிளையில் டூசான் இடங்கள் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். சீட்டுக்கு நாள் வரம்பு உண்டு, ரொம்ப முன்னதாக எடுத்தால் நீங்கள் போவதற்குள் காலாவதியாகிவிடும்.